முள் ஏறவே இல்லை

மருமகன்: சத்தியமா சொல்றேன் அத்தை, வண்டி ஹீட் மீட்டர்ல முள் ஏறவே இல்ல.

மாமியார்: சத்தியம் எல்லாம் வேண்டாம் மாப்பிள்ளை. போன தடவை பண்ணின சத்தியமே இன்னும் ஆறாம கிடக்கு. பானட்டைத் தூக்குங்க.

மருமகன்: சூடா இருக்கு...

மாமியார்: தெரியுது. தெருவுக்கே ஆவி பிடிச்சு விட்டுட்டீங்களே. தூக்கி அந்தக் கம்பியில நிறுத்துங்க. ரேடியேட்டர் மூடிகிட்ட மட்டும் கையைக் கொண்டு போகாதீங்க. மூஞ்சி வெந்துடும். அப்புறம் மூஞ்சியில முழிக்க முடியலைன்னு அதையும் ஒரு சாக்கா சொல்லுவீங்க.

மாமனார்: வந்ததும் வராததுமா ஏம்மா... மாப்ளைக்குக் குடிக்க ஒரு வாய் தண்ணியாவது...

மாமியார்: வண்டிக்கே இன்னும் தண்ணி காட்டலை. அவருக்கு என்ன அவசரம்? மூணே முக்கால் மணி நேரம் அவசரமில்லாம வந்தவர்தானே. மணி என்ன மாப்பிள்ளை?

மருமகன்: ஒண்ணே முக்கால்.

மாமியார்: வர்றேன்னு சொன்னது?

மருமகன்: பத்து.

மாமியார்: உங்க பொண்டாட்டி என்ன சொல்லி விட்டிருந்தா?

மாமனார்: அதான் எல்லாருக்கும் தெரியுமே, திரும்பத் திரும்ப எதுக்கு...

மாமியார்: நீங்க கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு நில்லுங்க. சொல்லுங்க மாப்பிள்ளை.

மருமகன்: ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வாங்க, வந்தா கூட வர்றேன்னா. இன்னும் ஒரே ஒரு சாக்கு சொன்னாலும் இனிமே வரவே வேண்டாம்னா.

மாமியார்: சொன்னீங்களா இல்லையா?

மருமகன்: இது சாக்கு இல்ல அத்தை! பைபாஸ்ல வந்துக்கிட்டிருந்தேன். முள் கீழ்க்கோட்டுலதான் இருந்துச்சு. திடீர்னு முன்னால புஸ்ஸுன்னு ஆவி. ஓரமா நிறுத்தி, ஆற வச்சு, தண்ணி ஊத்தி, உருட்டி உருட்டி வந்து சேர்றதுக்கு இவ்வளவு நேரம். முள் ஒழுங்கா காட்டியிருந்தா நான் முன்னாடியே நிறுத்தியிருக்க மாட்டேனா?

மாமியார்: போன் பண்ணியிருக்கலாமே.

மருமகன்: சார்ஜ் இல்ல.

மாமியார்: ஓ. முள் ஏறலை, சார்ஜும் ஏறலை. உங்களுக்கு வாய்க்கிற சாமான் எல்லாமே உங்களை மாதிரிதான் இருக்கு.

மாமனார்: ஏம்மா...

மாமியார்: இருபத்தெட்டு வருஷம் டெப்போவுல பஸ்ஸுக்குக் கரண்ட் வேலை பார்த்தவ நான். எத்தனை டிரைவர் என் முன்னாடி வந்து நின்னு, முள் ஏறலைம்மா, முள் ஏறலைம்மான்னு அழுதிருப்பான் தெரியுமா? பாதிப் பேர் பொய். மீதிப் பேர் தூக்கம். அதனால மாப்பிள்ளை, நான் உங்களை ஒண்ணும் கேக்கப் போறதில்ல. வண்டியைக் கேக்கப் போறேன். அதுக்கு நாக்கு கிடையாது, அது கதை விடாது.

மருமகன்: கேளுங்க. மீட்டர் கெட்டிருந்தா?

மாமியார்: கெட்டிருந்தா நீங்க சொன்னது நிஜம். அவ பையை நானே தூக்கி உங்க கையில குடுக்குறேன். மீட்டர் நல்லா இருந்தா... வந்த வழியே, தள்ளிக்கிட்டே போங்க.

மருமகன்: அவ எங்க?

மாமியார்: அறைக் கதவு சாத்தியிருக்கு. வரும்போதே பார்த்தீங்கல்ல?

மருமகன்: பார்த்தேன். ரொம்பக் கோவமா இருக்காளா?

மாமனார்: அவ கோவமா இருந்தா எதுக்கு விடிஞ்சதும் விடியாததுமா...

மாமியார்: ஏங்க! டூல்ஸ் பெட்டி எங்க? போய் எடுத்துட்டு வாங்க. அப்படியே அடுப்புல ஒரு சொம்பு தண்ணி வைங்க, கொதிக்கட்டும்.

மாமனார்: டீக்கா?

மாமியார்: சென்சாருக்கு.

மாமனார்: சென்சாருக்கு வெந்நீரே கிடைக்குது. மாப்ளைக்குப் பச்சைத் தண்ணி கிடைக்கலை.

மாமியார்: போங்கன்னேன். மாப்பிள்ளை, உள்ள ஏறி உக்காந்து சாவியைத் திருப்புங்க. ஸ்டார்ட் பண்ண வேண்டாம், லைட்டு எரிஞ்சா போதும். முள் எங்க நிக்குது?

மருமகன்: கீழ்க்கோட்டுல. பாருங்க, நான் சொன்னேன்ல! எஞ்சின் இந்தக் கொதி கொதிக்குது, இது அசையாம படுத்திருக்கு!

மாமியார்: சீட்டுல குதிக்காதீங்க, ஸ்பிரிங் போயிடும். எத்தனை நாளா இப்படிப் படுத்திருக்கு?

மருமகன்: அது... ஒரு மூணு மாசமா கீழேயேதான்.

மாமியார்: மூணு மாசமா?

மருமகன்: கீழ இருந்தா நல்லதுதானே அத்தை. எஞ்சின் குளிர்ச்சியா இருக்குன்னு அர்த்தம்.

மாமியார்: அடக் கடவுளே. ஓடுற எஞ்சின்ல முள் பாதிக்கு வந்து நிக்கணும் மாப்பிள்ளை. கீழேயே கிடந்தா எஞ்சின் குளிர்ச்சியா இருக்குன்னு அர்த்தமில்ல, முள் செத்துப் போச்சுன்னு அர்த்தம். வீட்டுல ஒருத்தி மூணு நாளா பேசாம இருந்தா, ஆஹா, வீடு எவ்வளவு அமைதியா இருக்குன்னு சந்தோஷப்பட்ட ஆளுதானே நீங்க.

மருமகன்: அத்தை, மீட்டரைப் பத்திப் பேசுங்க.

மாமியார்: அதைப் பத்தித்தான் பேசுறேன். முள் படுத்திருக்கிறதுக்கு மூணு காரணம் இருக்கலாம். மீட்டரே செத்திருக்கும். இல்ல, நடுவுல வயர் அறுந்திருக்கும். இல்ல, எஞ்சின்ல சொருகியிருக்கிற, சூட்டை அளக்குற சென்சார் போயிருக்கும். நாலாவதா ஒண்ணும் இருக்கு.

மருமகன்: என்ன அது?

மாமியார்: யாராவது இன்னைக்குக் காலையில வயரைக் கழட்டி விட்டிருப்பாங்க.

மருமகன்: அத்தை! நான் அவ்வளவு மட்டமான ஆள் இல்ல!

மாமியார்: ரெண்டு மாசம் காலி வண்டியை எடுத்துக்கிட்டு, லோடு ஏத்தப் போறேன் லோடு ஏத்தப் போறேன்னு தினம் காலையில கிளம்பிப் போய், ஏதோ மரத்தடியில படுத்துட்டு, சாயங்காலம் வந்து அப்பாடா உடம்பெல்லாம் வலிக்குதுன்னு சொன்ன ஆளுதானே? அவளும் உங்க தோளைப் பிடிச்சு விட்டிருக்கா. வேலை போன விஷயம் கடைசியில அவளுக்கு யார் மூலமா தெரிஞ்சுது? குடோன் வாட்ச்மேன் மூலமா.

மருமகன்: முதல்ல வயரைப் பாருங்க அத்தை.

மாமியார்: நல்லவேளை, வயர் கழட்டலை. அழுக்கேறி ஒட்டிக் கிடக்கு, யாரும் கை வச்ச மாதிரி தெரியலை. ஒரு பொய் குறைஞ்சுது.

மாமனார்: இந்தா பெட்டி. தண்ணி வச்சிருக்கேன். எதுவரைக்கும் வந்திருக்கு கேஸு?

மாமியார்: வாயிதா இல்லாம நடக்குது. தள்ளி நில்லுங்க. மாப்பிள்ளை, சென்சார்ல இருந்து வயரைக் கழட்டி, நுனியை எஞ்சின் இரும்புல வைக்கிறேன். முள்ளையே பாருங்க.

மருமகன்: ஏறுது... ஏறுது... மேல்கோட்டுக்கே போயிடுச்சு!

மாமியார்: எடுத்துட்டேன். இப்போ?

மருமகன்: இறங்கிடுச்சு.

மாமியார்: அப்போ மீட்டர் நல்லா இருக்கு. வயரும் நல்லா இருக்கு.

மருமகன்: ...மீட்டர் நல்லா இருக்கா?

மாமனார்: ஐயையோ. மாப்ள, வேர்க்குதே உங்களுக்கு. இந்தாங்க துண்டு.

மாமியார்: துண்டை அவர் தலையில போட்டுடாதீங்க, அவரே போட்டுக்கப் போறார். இன்னும் சென்சார் பாக்கி இருக்கு. கொஞ்சம் ஆறட்டும், இப்போ கழட்டினா கொதிதண்ணி கையில பீச்சும்.

மருமகன்: எவ்வளவு நேரமாகும்?

மாமியார்: ஏன், எங்கேயாவது போகணுமா? மரத்தடி ஏதாவது காத்துக்கிட்டிருக்கா?

மாமனார்: இவ்வளவு இளக்காரம் ஆகாதும்மா. மனுஷனுக்கு வேலை போறது நடக்காததா? எனக்கும்தான் ஒரு தடவை சஸ்பென்ஷன் ஆச்சு.

மாமியார்: ஆச்சு. அன்னைக்குச் சாயங்காலமே கண்டக்டர் பையைக் கொண்டு வந்து என் முன்னாடி வச்சு, நான் ஒரு மடையன்னு நீங்களே சொன்னீங்க. அதனாலதான் இன்னைக்கு வரைக்கும் நான் அதைச் சொல்றதில்ல.

மாமனார்: இப்போ சொல்லிட்டியே.

மாமியார்: ஒரு பாத்திரத்தை அடியில வைங்க, தண்ணி ஒழுகும். ஆறிடுச்சு, கை வைக்கலாம். ஸ்பேனர்... அது இல்ல, அதைவிடப் பெருசு. இதுக்கு இதுன்னு எடுத்துக் குடுக்கத் தெரியாமலே வேன் வச்சிருக்கார். ம்... வந்துடுச்சு. இதோ இந்தக் கட்டைவிரல் அளவு சாமான்தான் மாப்பிள்ளை, இன்னைக்கு உங்களுக்கு நீதிபதி. ஏங்க, கொதிதண்ணியை இங்க வைங்க. மல்டிமீட்டரை நீங்க பிடிங்க.

மாமனார்: எனக்கு என்ன தெரியும்? காலமெல்லாம் பஸ்ல போனாலும் எனக்குத் தெரிஞ்சது ரெண்டு விசில்தான். ஒண்ணு அடிச்சா நிக்கும், ரெண்டு அடிச்சா போகும்.

மாமியார்: நம்பர் படிக்கத் தெரியும்ல? அது போதும். சென்சாரைத் தண்ணியில முக்குறேன். சூடு ஏற ஏற நம்பர் கடகடன்னு இறங்கணும். இறங்கினா சென்சார் நல்லா இருக்கு, மாப்பிள்ளை பொய். இறங்கலைன்னா சென்சார் செத்துப் போச்சு.

மருமகன்: மாமா, கையை ஆட்டாதீங்க மாமா.

மாமனார்: நான் ஆட்டலை, நீங்கதான் என் தோளைப் பிடிச்சு ஆட்டுறீங்க.

மாமியார்: முக்கிட்டேன். படிங்க.

மாமனார்: ஒண்ணு. வெறும் ஒண்ணு.

மாமியார்: இப்போ?

மாமனார்: அதே ஒண்ணு. அசையவே மாட்டேங்குது.

மாமியார்: எடுத்துப் பச்சைத் தண்ணியில விடுறேன். இப்போ?

மாமனார்: அப்பவும் ஒண்ணு. கொதிச்சாலும் ஒண்ணு, குளிர்ந்தாலும் ஒண்ணு. நல்ல மனசும்மா அதுக்கு.

மாமியார்: செத்துப் போச்சு.

மருமகன்: அப்போ நான் சொன்னது நிஜம்!

மாமியார்: ம்... முள் ஏறலைன்னு நீங்க சொன்னது நிஜம்தான்.

மருமகன்: மாமா! கேட்டீங்கல்ல மாமா? நான் போய் அவகிட்ட சொல்லிட்டு...

மாமியார்: நில்லுங்க.

மருமகன்: இன்னும் என்ன அத்தை? அதான் சென்சார் செத்திருக்கே!

மாமியார்: சென்சார் செத்தா எஞ்சின் கொதிக்குமா?

மருமகன்: அது...

மாமியார்: தெர்மாமீட்டர் உடைஞ்சு போச்சுன்னா உங்களுக்குக் காய்ச்சல் வருமா? கொதிச்சதை அது காட்டலை, அவ்வளவுதான். ஏன் கொதிச்சுதுன்னு வேற ஒண்ணு இருக்கணும்ல? ரேடியேட்டரைப் பார்த்தேன், ஓட்டை இல்ல. ஹோஸ் உறுதியா இருக்கு. பெல்ட்டும் இருக்கு. மிச்சம் என்ன? ஃபேன். பேட்டரியில இருந்து நேரா கரண்ட் குடுக்குறேன். சுத்துதா?

மருமகன்: ...இல்ல.

மாமியார்: விரலால தள்ளிப் பாருங்க.

மருமகன்: இறுகிப் போயிருக்கு.

மாமியார்: இறுகிப் போகலை, குடும்பம் நடத்துது. உள்ள பாருங்க, சிலந்தி வலை கட்டி, குஞ்சு பொரிச்சு, ஊரைக் கூட்டி வச்சிருக்கு. இந்த ஃபேன் சுத்தி ஆறு மாசமாவது இருக்கும்.

மருமகன்: அப்போ அதான் அத்தை காரணம்! ஃபேன் சுத்தலை, அதான் பைபாஸ்ல கொதிச்சிருக்கு!

மாமியார்: ஆறு மாசமா ஃபேன் இல்லாம, லோடோடயும் காலியாவும் இதே பைபாஸ்லதான் ஓட்டினீங்க. ஒரு நாளாவது கொதிச்சுதா?

மருமகன்: ...இல்ல.

மாமியார்: ஏன் கொதிக்கலை?

மருமகன்: தெரியலையே.

மாமியார்: ஓடுற வண்டிக்கு எதிர்காத்தே போதும் மாப்பிள்ளை. ரேடியேட்டர்ல காத்து அடிச்சுக்கிட்டே இருக்கும், ஃபேன் இருக்கா செத்துச்சான்னு எஞ்சினுக்குத் தெரியவே தெரியாது. நிக்கிற வண்டிக்குத்தான் ஃபேன் வேணும். ஒரே இடத்துல, எஞ்சினை ஓட விட்டுக்கிட்டு, அரை மணி, முக்கால் மணின்னு நிக்கிற வண்டிக்கு. நீங்க பைபாஸ்ல வந்துக்கிட்டிருந்தப்போ இந்த வண்டி கொதிக்கலை. எங்க நின்னீங்க?

மருமகன்: டிராஃபிக் ஜாம்...

மாமியார்: ஏங்க, ஞாயித்துக்கிழமை பைபாஸ்ல ஜாம் ஆகுமா?

மாமனார்: என்னை ஏம்மா இழுக்குற...

மாமியார்: அந்த ரோட்டுல இருபத்தாறு வருஷம் விசில் அடிச்சவர் நீங்க. ஆகுமா, ஆகாதா?

மாமனார்: ...ஆகாது. ஞாயித்துக்கிழமை அங்க நாய் குறுக்க படுத்துத் தூங்கும். மன்னிச்சுக்குங்க மாப்ள.

மாமியார்: எங்க நின்னீங்க மாப்பிள்ளை? வாய்ல என்ன, அங்கேயும் சிலந்தி வலையா?

மருமகன்: தெரு முனையில.

மாமியார்: எந்தத் தெரு?

மருமகன்: இந்தத் தெரு. தண்ணித் தொட்டி பக்கத்துல.

மாமனார்: அடடா. பதினோரு மணிக்கு ஒரு வெள்ளை வேன் மெதுவா போச்சே, நம்ம மாப்ள வண்டி மாதிரியே இருக்கேன்னு நினைச்சேன்.

மாமியார்: பார்த்தீங்களா? என்கிட்ட ஏன் சொல்லலை?

மாமனார்: நீதான் என்னை வாயை மூடிக்கிட்டு இருக்கச் சொன்னியே, காலையில இருந்து.

மருமகன்: ஒன்பதே முக்காலுக்கே வந்துட்டேன் அத்தை. பத்து மணிக்குக் கால் மணி முன்னாடியே. வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன். நிறுத்தாம போயிட்டேன். பைபாஸ் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். மறுபடியும் போயிட்டேன். மூணு தடவை. நாலாவது தடவைதான் தொட்டிகிட்ட நின்னேன்.

மாமியார்: எஞ்சினை அணைக்காம?

மருமகன்: அணைக்காம.

மாமியார்: எதுக்கு? சட்டுனு ஓடிப் போறதுக்கு வசதியாவா?

மருமகன்: அணைச்சா இறங்கணும் அத்தை. அணைச்சுட்டா அப்புறம் இறங்காம உக்காந்திருக்க ஒரு காரணமும் இல்ல. ஓடிக்கிட்டிருந்தா, இதோ கிளம்பிட்டோம், இதோ கிளம்பிட்டோம்னு மனசு சொல்லிக்கிட்டே இருக்கும்.

மாமியார்: போன்?

மருமகன்: நான்தான் ஆஃப் பண்ணினேன். அவ கூப்பிட்டு, எங்க இருக்கீங்கன்னு கேட்டா என்ன சொல்றது? உன் தெருவுலதான் இருக்கேன், வர பயமா இருக்குன்னா?

மாமியார்: அப்புறம் எப்படி வந்தீங்க?

மருமகன்: ஆவி கிளம்பிடுச்சு. வண்டி எரியுது எரியுதுன்னு ஜனம் கூடிடுச்சு. ரெண்டு பேர் வாளியோட ஓடி வந்தாங்க. யார் வீட்டுக்கு வந்தீங்கன்னு ஒருத்தர் கேட்டார். கையைக் காட்டிட்டேன். அவங்கதான் இங்க வரைக்கும் தள்ளிக்கிட்டு வந்து விட்டாங்க. நீங்க வெளிய வர்றதுக்குள்ள போயிட்டாங்க.

மாமியார்: ஆக, எஞ்சின் கொதிக்கலைன்னா நீங்க வந்திருக்கவே மாட்டீங்க. சுயமா ஒரு அடி எடுத்து வைக்கலை, ஊரே தள்ளிக்கிட்டு வந்து பொண்டாட்டி வாசல்ல போட்டிருக்கு. இந்த லட்சணத்துல முள் ஏறலை, சார்ஜ் ஏறலைன்னு ஒரு மணி நேரமா என் தலையில மிளகாய் அரைச்சிருக்கீங்க.

மருமகன்: ஆமா.

மாமியார்: என்ன ஆமா?

மருமகன்: நீங்க சொன்ன எல்லாமே ஆமா. வந்திருப்பேனான்னு எனக்கே தெரியலை. தீர்ப்பு சொல்லிட்டீங்கல்ல அத்தை? போயிடுறேன். ஆனா ஒரு நிமிஷம் உள்ள போறேன். கதவைத் தட்ட மாட்டேன். வெளிய நின்னு சொல்லிட்டுப் போயிடுறேன்.

மாமனார்: மாப்ள... உள்ள எதுக்கு... இங்கேயே இருங்களேன்...

மருமகன்: விடுங்க மாமா. இத்தனை நாள் விட்டுட்டேன்.

மாமனார்: இந்தா, என்ன பார்த்துக்கிட்டே நிக்குற? அவர் உள்ள போறாரு!

மாமியார்: போகட்டும்.

மருமகன்: ...நான்தான். கதவைத் திறக்க வேண்டாம். அப்படியே கேளு. வேலை போன அன்னைக்கே உன்கிட்ட சொல்லணும்னுதான் வந்தேன். நீ வாசல்ல நின்னு, இன்னைக்கு ஏன் சீக்கிரம்னு சிரிச்சே. அந்தச் சிரிப்பைக் கெடுக்க வேண்டாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். மறுநாள், நேத்தே ஏன் சொல்லலைன்னு கேப்பியேன்னு சொல்லலை. அப்படியே ரெண்டு மாசம் ஆயிடுச்சு. நீ தோளைப் பிடிச்சு விட்டப்போ எனக்கு நிஜமாவே வலிச்சுது. அதை மட்டும் நம்பு... இன்னைக்கும் பொய்தான் சொன்னேன். நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டு, வரலைன்னு பொய். இப்படி ஒரு பொய்யை ஊர்ல எவனும் சொல்லியிருக்க மாட்டான்... கேக்குதா? ஏதாவது சொல்லேன். திட்டாவது திட்டு... பேச மாட்டேங்குறா மாமா.

மாமனார்: போதும்மா! சொல்லித் தொலை.

மருமகன்: என்ன மாமா?

மாமனார்: என்னைக் கேக்காதீங்க. பொய்யே பிடிக்காத மகராசி நிக்குறாளே, அவளைக் கேளுங்க.

மருமகன்: அத்தை?

மாமியார்: ...கதவைத் தள்ளுங்க மாப்பிள்ளை. தாழ் போடலை.

மருமகன்: ...யாருமே இல்ல!

மாமியார்: காலையில ஏழு மணி பஸ்ஸுக்கே போயிட்டா. பத்து மணி வரைக்கும் உக்காந்திருக்க முடியலைம்மா, நானே போறேன்னு பையைத் தூக்கிட்டா. பூட்டின உங்க வீட்டு மாடிப்படியில ஒன்பதரையில இருந்து உக்காந்திருக்கா. உங்க போன் கிடைக்கலைன்னு எனக்கு ஆறு தடவை பண்ணிட்டா... ஆறு தடவையும் ஒண்ணேதான் சொன்னா. அவர் வந்தா எதுவும் கேக்காதேம்மா, அப்படியே அனுப்பி வைன்னு.